செட்டு

காரைக்குடியில் 'செட்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே ஒரு நாளை ஓட்டிவிடலாம். திருவிழாவுக்குப் பாட்டு செட், வயலுக்குப் பம்பு செட், கல்யாணத்துக்கு நகை செட். கூடப் படித்தவன் 'நம்ம செட்டு'. பேசிய சம்பந்தம் கூடி வரவில்லையா, "செட் ஆகலப்பா", அவ்வளவுதான்.

பூப்போட்ட தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிப் பக்கம் போனால் அதற்கே வேறு கனம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். அப்புறம் அந்தக் கல், தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். அவசரப்பட்டால், "இன்னும் செட் ஆகலண்ணே" என்று பதில் வரும். எனக்குப் பிடித்த செட் இதுதான்.

கானாடுகாத்தானில் படம் எடுக்க வருகிறவர்களுக்கோ முகப்பு, வளவு, பட்டாலை என்று எல்லாப் பகுதிகளோடும் அந்தப் பழைய செட்டிநாட்டு வீடே செட்.

ஆங்கிலத்தில் இன்னும் கூத்து. சூரியன் மறைந்தாலும் செட், கடிகாரத்தில் அலாரம் வைத்தாலும் செட். 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்குத்தான் மிக நீளமான பதிவு, 430 பொருள். பிற்பாடு 'ரன்' வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருளோடு முந்திக்கொண்டது. நம்ம ஊரில் ரன் கிரிக்கெட்டோடு சரி.