ஏற்காட்டுக் காபியும் இதய ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும்

ரத்தக்குழாயை விரிக்கும் அடினோசின் ஊசி போட்டு எடுக்கும் ஹார்ட் ஸ்கேனுக்காக ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் வருகிறவர், கிளம்பும்போது ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்திருந்தால் டெஸ்ட் கெட்டுப்போகலாம். அடினோசின் வேலை செய்ய வேண்டிய ஏற்பியில் காஃபீன் முன்பே இடம் பிடித்துவிடும். ரத்தக்குழாய் சரியாக விரியாது. அடைப்பு இருந்தும் ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். குறைந்தது 12 மணி நேரம், பெரும்பாலான இடங்களில் 24 மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட், காஃபீன் கலந்த தலைவலி மாத்திரை எதுவும் ஆகாது. டிகாஃப் காபியிலும் கொஞ்சம் காஃபீன் உண்டு.

"இதய அடைப்பைக் கண்டுபிடிக்க எந்த ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முழங்கால், நுரையீரல், பழைய ஈசிஜி மூன்றையும் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நன்றாக நடக்க முடிந்து, ஈசிஜியும் சுத்தமாக இருந்தால் டிரெட்மில் பெல்ட்டில் நடக்க வைத்து ஈசிஜி பார்க்கும் டிஎம்டியே நல்ல தொடக்கம். அதில் வழக்கமான புரூஸ் முறையில் பெல்ட் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு எட்ட வேண்டும்: 60 வயதுக்காரருக்கு 136. அதற்கு முன்பே கால் ஓய்ந்துவிட்டால், 'நெகட்டிவ்' என்ற முடிவை நம்ப முடியாது. இடது கிளைத் தடை (இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை), பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஈசிஜி கோட்டின் எஸ்டி பகுதியில் தெரியும் மாற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் எடுப்பவரின் கை வேகத்தை நம்பிய டெஸ்ட் அது. பெல்ட் நின்றதும் பக்கத்துக் கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுமார் 60 விநாடிக்குள் எல்லாக் கோணங்களையும் பிடித்தாக வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கும். சுருங்கத் திணறிய இதயச் சுவர் பழையபடி அசையத் தொடங்கிவிடும். நடக்க முடியாதவர்களுக்குத் துடிப்பை ஏற்றும் டோபுடமின் மருந்து: கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி 40 வரை.

கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ஹார்ட் ஸ்கேனை 'தாலியம் ஸ்கேன்' என்று இன்னும் சொன்னாலும், இப்போது அந்த மருந்து பெரும்பாலும் டெக்னீஷியம்தான், அரை ஆயுள் 6 மணி நேரம். எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைகிறது என்று இடத்தோடு காட்டும். ஆண்களுக்கு உதரவிதானமும் பெண்களுக்கு மார்பகமும் போலி நிழல் விழச் செய்யும். இதயத்தின் மூன்று முக்கிய ரத்தக்குழாய்களும் ஒரே அளவு அடைத்திருந்தால் படம் சீராகத் தெரிந்து ஏமாற்றும். இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். இடது கிளைத் தடை இருப்பவரை இதற்காக ஓட வைக்கக் கூடாது, அடினோசின்தான் சரி. வீசிங் இருக்கும் ஆஸ்துமாக்காரருக்கு அடினோசின் ஆகாது, டோபுடமின் தர வேண்டும்.

ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ படம் துல்லியமானது. அதிலும் பெரும்பாலும் அடினோசின்தான், ஆகவே காபி விதி மாறாது.

துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு ஏறாது. அடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் டெஸ்ட் என்றால் 24 முதல் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்லலாம். டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் நெஞ்சுவலி கூடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலிக்கிறதென்றால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டுக்கு நாள் குறிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.