216 சார்!

அளவியல் எடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டு, என் கரும்பலகையில் பாதி இடம் சூத்திரங்களுக்கே போய்விடும். உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம் என்று இடப்பக்கம் ஒரு பெரிய பட்டியல். போட்டித் தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்தால் போதும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

ஒருநாள், 6 செ.மீ. ஆரமுள்ள கோளத்தை உருக்கி 1 செ.மீ. ஆரமுள்ள குண்டுகள் வார்த்தால் எத்தனை கிடைக்கும் என்ற கணக்கு. நான் நான்கின்கீழ் மூன்று, 22/7 எல்லாம் எழுதிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "216 சார்" என்றாள். எப்படிம்மா என்றேன். "ஆரம் ஆறு மடங்கு. அப்போ கன அளவு ஆறு, ஆறு, ஆறு மடங்குதானே?" அவள் பேனாவையே எடுத்திருக்கவில்லை. பலகையில் இருந்ததை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சூத்திரத்துக்கு முன்னால் படம் என்று மாற்றிக்கொண்டேன். 40 மீட்டருக்கு 30 மீட்டர் வயல், அதைச் சுற்றி வெளிப்புறம் 2 மீட்டர் அகலத்தில் பாதை. பாதையின் பரப்பு என்ன? படம் போடாதவர்கள் 42ஐ 32ஆல் பெருக்கி 1200ஐக் கழித்து 144 என்று முடித்துவிடுவார்கள். பாதை இரண்டு பக்கமும் உண்டு என்பது படத்தில்தான் கண்ணில் படும். 44 பெருக்கல் 34, கழித்தல் 1200, விடை 296. இதில் வேடிக்கை, கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் 144ம் கட்டாயம் இருக்கும். கேள்வி தயாரிப்பவருக்கு நம் அவசரம் நன்றாகத் தெரியும்.

எனக்குப் பிடித்த வகுப்பு, ஏ4 தாளைச் சுருட்டும் வகுப்பு. ஒரு தாளை நீளவாக்கிலும் இன்னொன்றை அகலவாக்கிலும் சுருட்டி மேசையில் நிறுத்துவேன். எதில் அதிகம் கொள்ளும்? ஒரே தாள்தானே, சமம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். வளைபரப்பு சமம்தான், 21 செ.மீ. பெருக்கல் 29.7 செ.மீ. ஆனால் குட்டையான உருளை ஏறத்தாழ 1474 கன செ.மீ. கொள்ளும், நெட்டையானது 1042தான். உயரம் ஒருமுறைதான் பெருக்கப்படுகிறது, ஆரமோ இருமுறை. தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

குறுக்குவழிகளுக்கு நான் எதிரி இல்லை. நேரம் அப்படி. ஆரம் 7இன் மடங்காக இருந்து, பை 22/7 என்றால், வட்டத்தின் பரப்பு 11ஆல் வகுபடும். ஆரம் 14க்கு 616. 606, 626 என்று பக்கத்தில் இருப்பவற்றைப் பார்த்ததுமே அடித்துவிடலாம். இதை உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த மாதிரித் தேர்வில் 14 செ.மீ. சதுரத்துக்குள் பொருந்தும் மிகப்பெரிய வட்டத்தை வெட்டியெடுத்தால் மீதி எவ்வளவு என்று வந்தது. 196இலிருந்து 154 போக 42. அது 11ஆல் வகுபடாது என்று வகுப்பில் பாதிப்பேர் சரியான விடையை அடித்துவிட்டிருந்தார்கள். "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான் ஒருவன்.

இப்போதெல்லாம் 616ஐச் சொல்கிற அதே மூச்சில் 42ஐயும் சொல்லிவிடுகிறேன்.