ஆர்கானிக் பிஸ்கட்டும் பிஸ்கட்தான்

எங்க ஏரியாலயே இப்போ ஆர்கானிக் கடை மூணு நாலு வந்துருச்சு, சந்தோஷம்தான். ஆனா உள்ள போய் பார்த்தா அரிசி பருப்பெல்லாம் ஒரு மூலைல கிடக்கு, மீதி கடை பூரா பேக்கெட். தினை குக்கீஸ், ராகி சிப்ஸ், வரகு நூடுல்ஸ், நாட்டுச்சர்க்கரை கேக்... கேட்டா எல்லாமே நேச்சுரலாம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மருந்தடிக்காம விளைஞ்சதாங்கறது ரெண்டாவது கேள்விதாங்க, ஃபேக்டரில அதை என்ன பண்ணாங்கங்கறதுதான் முதல் கேள்வி. ஆர்கானிக் பிஸ்கட்டை விட சாதா மார்க்கெட்ல வாங்கின முருங்கைக்கீரை எவ்வளவோ மேல்.

அடுத்த தடவை மில்லட் நூடுல்ஸ் எடுத்தீங்கன்னா பேக்கெட்ட திருப்பி பின்னாடி படிங்க. என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு எடை அதிகமா இருக்கறதுல ஆரம்பிச்சு வரிசையாத்தான் போடணும், அது நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு விதி. நான் பார்த்த பல பேக்கெட்ல முதல் பேரு கோதுமை மாவு இல்லன்னா மைதா, முன்பக்கம் கதிர் கதிரா படம் போட்ட வரகு ரெண்டாவதோ மூணாவதோதான் வருது, அப்புறம் பாமாயில், உப்பு, அதுக்கப்புறம் ஐஎன்எஸ் நம்பருங்க, அதாவது உணவுல சேர்க்கற கூட்டுப்பொருளுக்கெல்லாம் குடுத்திருக்கற சர்வதேச குறியீட்டு நம்பர். 621னா ருசி கூட்டற மோனோசோடியம் குளுட்டமேட், 211னா கெடாம இருக்க போடற சோடியம் பென்சோயேட், 102னா டார்ட்ரசின்ங்கற மஞ்சள் கலர். எல்லா நம்பரும் விஷம்னு பயமுறுத்தற வாட்ஸ்அப் ஃபார்வர்ட நம்பாதீங்க, 500ங்கறது நம்ம ஆப்ப சோடா வகைதான். ஆனா நம்ம சமையல்கட்டுல என்னைக்குமே இல்லாத சாமான் பேரா வரிசையா வந்தா நான் பேக்கெட்ட திரும்ப ரேக்லயே வச்சிடறேன்.

இது வெறும் பழமை பேசறது இல்லைங்க. 2019ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால்ங்கறவர் குழு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. 20 பேரை அங்கயே தங்க வச்சு ரெண்டு வாரம் முழுக்க ஃபேக்டரி சாப்பாடு, ரெண்டு வாரம் சமைச்ச சாப்பாடு. முன்னாடி வைக்கற சாப்பாட்டுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே அளவு, எவ்வளவு வேணா சாப்பிடலாம். ஃபேக்டரி சாப்பாட்டுல ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூட சாப்பிட்டிருக்காங்க, ரெண்டு வாரத்துல ஒரு கிலோவுக்கு கிட்ட எடை ஏறிருக்கு, சமைச்ச சாப்பாட்டுல கிட்டத்தட்ட அதே அளவு இறங்கிருக்கு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா சிப்ஸ் பேக்கெட்ட பாதில நிறுத்த முடியாததுக்கு மனக்கட்டுப்பாடு மட்டும் காரணம் இல்லைனு இத படிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. குழந்தைங்கள திட்டி என்ன பிரயோஜனம்?

ஹெல்த் டிரிங்க்னு சொல்லி விக்கற, பால்ல கலக்கற பவுடரும் அப்படித்தான், பேர மட்டும் நம்பக்கூடாது. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைங்ககிட்ட அதையெல்லாம் ஹெல்த் டிரிங்க் பிரிவுல இருந்து எடுங்கன்னு சொல்லிடுச்சு, ஏன்னா உணவு பாதுகாப்பு சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது.

எங்க வீட்ல காலைல அதுக்கு பதிலா மாப்பிள்ளை சம்பாங்கற சிவப்பு பாரம்பரிய அரிசில கஞ்சி. அரிசிய ராத்திரியே ஊற போட்டு, காலைல தண்ணிய வடிச்சு துணில கொஞ்ச நேரம் பரப்பி, மிக்ஸில ரவை பதத்துக்கு ஒரு சுத்து. அப்புறம் நிறைய தண்ணி விட்டு ரெண்டு பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம் போட்டு குக்கர்ல வேக விட்டா செவசெவன்னு கொழகொழன்னு வரும், அந்த வாசனையே பசிய கிளப்பிடும். ஆறினதும் மோர் ஊத்தி உப்பு போட்டு கரைச்சு சின்ன வெங்காயத்த கடிச்சுக்கிட்டு குடிச்சா மதியம் வரைக்கும் வேற எதுவும் தேடாது.

இந்த மாதிரி பாரம்பரிய அரிசியெல்லாம் இன்னைக்கு கடைல கிடைக்குதுன்னா அதுக்கு பின்னாடி நெல் ஜெயராமன் மாதிரி ஆளுங்களோட உழைப்பு இருக்கு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல 2006ல இருந்து நெல் திருவிழா நடத்தி, வர்ற விவசாயிக்கு 2 கிலோ விதை குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்கி, இப்படியே 170க்கும் மேல பாரம்பரிய நெல் ரகங்கள மீட்டு பரப்பினவர். 2018 டிசம்பர்ல போயிட்டார். அவ்வளவு பாடுபட்டு காப்பாத்தின நெல்ல நாம பாலிஷ் போட்டு தவிடெல்லாம் எடுத்துட்டு வெள்ளையா கேட்டா எப்படிங்க?

பட்டை தீட்டாத அரிசி, சிறுதானியம் எல்லாம் சீக்கிரம் வண்டு பிடிக்கும், தவிட்டுல எண்ணெய் இருக்கறதால நாள்பட்டா சிக்கு வாசனையும் வரும். அதனால மொத்தமா வாங்கி வைக்காதீங்க, ஒரு மாசத்துக்கு ஆகறத வாங்கி டப்பால காய்ஞ்ச வேப்பிலையோ வசம்போ போட்டு வைங்க. விலையும் கூடத்தான், மறுக்கல. பட்ஜெட் இடிக்குதுன்னா முதல்ல பிஸ்கட், நூடுல்ஸ், ஜூஸ் பேக்கெட்டுக்கு போற காச நிறுத்துங்க, அதுலயே பாதி தேறிடும். சாயங்காலத்துக்கு அவிச்ச வேர்க்கடலை, சக்கரவள்ளிக்கிழங்கு, சுண்டல்னு மாத்தினா அதுக்கு ஆர்கானிக் முத்திரையெல்லாம் தேவையே இல்ல, உழவர் சந்தைல கிடைக்கறதே போதும்.

பாரம்பரிய அரிசிக்கு புதுசா மாறறவங்க தூயமல்லிங்கற ரகத்துல ஆரம்பிங்க, அது வெள்ளை ரகம், மெதுவா இருக்கும், பிள்ளைங்க வித்தியாசமே கண்டுபிடிக்க மாட்டாங்க. நாக்கு பழகினதும் மாப்பிள்ளை சம்பாவுக்கு வாங்க. கருப்பு கவுனி அரிசியையும் கண்டிப்பா ராத்திரியே ஊற போட்டுடுங்க, இல்லன்னா எத்தனை விசில் விட்டாலும் வேகாது.