கைப்பழக்கம் என்று சொன்னேன்

"அண்ணே, மோட்டாரை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?"

மணலியில், சூடான எண்ணெய் ஓடும் பம்பின் அச்சும் அதை ஓட்டும் மோட்டாரின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி கேட்டான். நிரந்தரப் பணியாளன், எங்களிடம் வேலை பழக அனுப்பியிருந்தார்கள். அச்சின் விலகலைக் காட்டும் டயல் கேஜ் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "அது கைப்பழக்கம், தம்பி. போகப் போக வரும்."

பொய். அது கணக்கு. மீட்டர் உயரமுள்ள எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.012 மில்லிமீட்டர் வளரும். பம்பின் அச்சு அரை மீட்டர் உயரத்தில் இருந்து, மோட்டாரைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், 0.3 மில்லிமீட்டர் எழும்பும். அந்த அளவுக்கு முன்கூட்டியே மோட்டாரின் காலடியில் தகடு வைத்துவிட்டால், ஓடிச் சூடேறியதும் இரண்டு அச்சும் நேராகிவிடும். சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு பம்புக்குமான எண் என் சட்டைப்பை நோட்டிலேயே இருந்தது.

மற்ற எதையும் நான் மறைக்கவில்லை. மோட்டாரின் நான்கு கால்களும் பதிந்து உட்கார்ந்திருக்கின்றனவா, கேஜ் பிடித்திருக்கும் கம்பி தொய்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். இந்த ஒன்று மட்டும் வாயில் வரவில்லை. பதினேழு ஆண்டுகளாக அதே கேட்டில் நுழைகிறேன். பாஸில் காண்ட்ராக்டரின் பெயர்தான் மாறுகிறது. தொடர்ந்து நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய 1970-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருந்தது. எங்கள் கேட்டுக்குள் அது வரவில்லை. நிரந்தரப் பணியாளர்களே எல்லாம் செய்யத் தொடங்கினால், அடுத்த டெண்டரில் எட்டு ஃபிட்டர் ஆறாவார்கள். குறையும் இருவரில் ஒருவர், திருவொற்றியூரிலிருந்து என்னோடு வரும் ஐம்பத்து நான்கு வயது அண்ணனாகத்தான் இருப்பார். அவருக்காகத்தான் மறைத்தேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடத்தில் அவர் என் நினைவிலேயே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு இந்தக் கணக்கைத் தண்டையார்பேட்டைப் பட்டறையில், நான் கேட்காமலே, தரையில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினார் மேஸ்திரி. அவரும் தினக்கூலிதான்.

அடுத்த மாதம் தம்பி தனியாக ஒரு பம்பைக் கட்டினான். குளிர்ந்த நிலையில் முள் அசையவே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. மூன்றாம் நாள் பேரிங் கையைச் சுட்டது, அதிர்வும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். தகடுகளை வெட்டி வைத்தேன். அவன் பக்கத்தில் குந்தியிருந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான், நோட்டைப் பார்க்கவில்லை.

"எனக்கு இன்னும் கை வரவில்லை அண்ணே" என்றான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வரும், தம்பி" என்றேன்.

டெண்டர் முடிந்தது. எட்டுப் பேரும் இருக்கிறோம். அவனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கேன்டீனில் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறான்.