எத்தனை அங்குலம் திறந்திருக்கிறார்கள்?

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவைப் பற்றிக் கேட்டு எங்கள் பத்திரிகை அலுவலகத்து போன் ஓயாது. கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இரணைமடுக் கதவு திறந்தாச்சோ?" கேட்பவர் குளத்துக்குக் கீழே முரசுமோட்டையிலோ பன்னங்கண்டியிலோ கண்டாவளையிலோ இருப்பார். "ஓம் ஐயா, திறந்திட்டாங்கள்" என்றால் அவருக்குப் போதாது. எத்தனை கதவு, எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு என்று கேட்பார். மாட்டை அவிழ்த்து மேட்டுப்பக்கம் கொண்டுபோவதா, நெல்மூட்டையை உயரத்தில் ஏற்றுவதா, விடியும்வரை பொறுப்பதா என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

வன்னியில் பிரதேசச் செய்தி ஆசிரியருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் இந்த அழைப்பைத்தான் சொல்வேன். கொழும்புச் செய்தியைப் படித்துவிட்டு ஆளாளுக்குக் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இங்கே செய்தியை வாசித்த கையோடு ஆட்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது.

இரணைமடுவில் மிகுதித் தண்ணீரை வெளியேற்றும் 14 வான்கதவுகள். முன்பு 34 அடித் தண்ணீர் கொண்ட குளம், புனரமைப்புக்குப் பிறகு 36 அடி கொள்கிறது. "14 கதவுகளும் திறப்பு" என்று தலைப்புப் போட்டால் வாசிப்பவர் நெஞ்சில் கைவைப்பார். ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் திறந்திருந்தாலும் அந்தத் தலைப்பு சரிதான், இரண்டு அடி திறந்திருந்தாலும் சரிதான். ஆனால் கீழே இருக்கும் ஊர்களுக்கு இரண்டும் ஒன்றில்லை. போதாததற்கு, 2018 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்த படங்கள் மாரிக்கு மாரி முகநூலில் புதுப்படமாக உலாவும். அனுப்புபவர்களைக் குறைசொல்ல மனம் வராது. அந்த இரவை அனுபவித்தவர்கள், பயத்தில் அனுப்புகிறார்கள்.

படம் வந்ததும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எடுப்போம். அங்கே எல்லா இணைப்பும் வேலையாக இருந்தால், குளத்தில் மீன்பிடிக்கும் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்போம். "அண்ணை, கதவடியில நிண்டு வீடியோ ஒண்டு எடுங்கோ, நேரத்தைச் சொல்லிக்கொண்டு எடுங்கோ" என்பேன். மழை இரைச்சலுக்குள் அவர் கத்திக்கொண்டே எடுத்து அனுப்புவார். அதற்குள் நாலு முகநூல் பக்கங்கள் செய்தியைப் போட்டுவிட்டிருக்கும். போடட்டும். பின்னால் வந்தாலும் அங்குலமும் நேரமும் இருக்கிற செய்திதான் எனக்கு வேண்டும்.

அரச அலுவலகங்களிலிருந்து வரும் ஊடக அறிக்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரதம அதிதி, சிறப்பு அதிதி, நாடா வெட்டும் படம். வீதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும் இருக்காது. கேட்டால், "அதுவும் போடவேணுமோ?" என்பார்கள்.

மரண அறிவித்தல்கள் வேறு. அவற்றை நான் எந்த உதவியாளரிடமும் கொடுப்பதில்லை. வழமையான அமைப்பில் பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் ஒன்று. வன்னிக் குடும்பங்கள் அதற்குள் அடங்குவதில்லை. பாரதிபுரத்திலோ மலையாளபுரத்திலோ காலமான ஒருவர் மலையகத்தில் தோட்டமொன்றில் பிறந்திருப்பார், 1977 கலவரத்தோடு இங்கே வந்திருப்பார். போரின் கடைசியில் தர்மபுரம், விசுவமடு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் அகதி முகாம். பிள்ளைகள் கனடாவிலிருந்து போனில், "எல்லா ஊரும் வரவேணும்" என்பார்கள். இடத்துக்குக் காசு என்று கணக்குப்பிள்ளை என்னைப் பார்ப்பார். நான் போடச் சொல்லிவிடுவேன். அந்த மனிதரின் பத்திரங்கள் எல்லாம் வழியில் போய்விட்டன. இந்த ஊர்ப்பெயர்கள் வரிசையாக எழுத்தில் வருவது அநேகமாக இதுதான் முதல்தடவை.

மே மாதத்தில் நினைவஞ்சலிகள் வரும். 2009இல் போனவருக்குத் திதி என்னவென்று வீட்டாருக்கே தெரியாத அறிவித்தல்கள் அவற்றில் உண்டு. புதிதாக வேலைக்கு வருபவர் விடுபட்டிருக்கிறதென்று நினைத்து, "அம்மா, திகதி?" என்று கேட்டுவிடக்கூடும். அதனால் முதலே சொல்லிவைத்துவிடுவேன்: மே அறிவித்தலில் திகதி இல்லாவிட்டால் கேட்கவேண்டாம், "2009 மே" என்று மட்டும் போடுங்கள். வீட்டார் 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று எழுதித் தந்தால் அது அப்படியே போகும். அவரை 'அமரர்' ஆக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடர்போராட்டம் தொடங்கிய தாய்மார் எங்கள் வாசகர்கள்.

வேலைக்கு வரும் இளையவர்களுக்கு அரசியல் பத்தி எழுதத்தான் ஆசை. நானும் இருபத்தைந்து வயதில் அப்படித்தான். முதலில் அவர்களைச் சிறுபோகக் கூட்டத்துக்கு, அதாவது மழையில்லாத காலத்து நெற்செய்கைக்கான கூட்டத்துக்கு அனுப்புவேன். இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருந்தாலும் சிறுபோகத்தில் எல்லாவற்றுக்கும் தண்ணீர் காணாது. எவ்வளவு ஏக்கர், விதைப்பு எந்தத் திகதிக்குள் என்று அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். விவசாயிகளின் சங்கமான கமக்கார அமைப்புக்காரர் எழும்பி நின்று சண்டைபிடிப்பதும் அங்கேதான்.

அண்மையில் போய்வந்த பிள்ளை யார் தலைமை தாங்கினார், யார் யார் உரையாற்றினார்கள் என்று ஒரு பக்கம் அழகாக எழுதிக் கொண்டுவந்தா.

"எந்த வாய்க்காலுக்குத் தண்ணி இல்லையாம்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் சேர் கடைசியில ஒரே சத்தம். நான் வெளியில வந்திட்டன்."

கமக்கார அமைப்புச் செயலாளரின் இலக்கத்தை எழுதிக் கொடுத்து, அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதச் சொன்னேன். மறுநாள் முதல் பக்கத்தில் போனது அதுதான்.