பிற்பகல் மூன்று மணி வெயிலும் பதினோரு ரோபோக்களும்

போட்டி முடிந்து பத்து நாள் ஆகிறது. ஜன்னல் வழியே தரையில் வெயில் விழுவதைக் கண்டால் இன்னும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மனித உருவ ரோபோக்களுக்கு உடல்திறன் போட்டி நடத்த முதன்முறையாக இறங்குகிறவர்களுக்கு, நாங்கள் பட்ட பாட்டில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மனித உருவ ரோபோக்களுக்கான சர்வதேசப் போட்டியான ஃபிரா ஹுரோகப்பை முன்மாதிரியாக வைத்து ஓட்டம், தடைப்பாதை, எடை தூக்குதல் என்று மூன்று பிரிவுகள் அமைத்தோம். 11 அணிகள் வந்தன. பதிவு, நடுவர் தேர்வு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

சிக்கல் அரங்கில் தொடங்கியது. மேற்குப் பக்க ஜன்னல்களுக்குத் திரை உண்டு என்று அரங்கப் பொறுப்பாளர் இரண்டு முறை உறுதி சொன்னார். போய்ப் பார்த்தால் திரைக் கம்பிகள் மட்டும் இருந்தன. மாலைக்குள் வந்துவிடும் என்றார், வரவில்லை. முந்தைய நாள் இரவு லக்ஸ் மீட்டரால் களம் முழுக்க வெளிச்சத்தை அளந்து, ஒரே சீராக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போனோம். இரவில் அளந்ததுதான் தவறு. போட்டி நடக்கும் அதே நேரத்தில் அளந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை நான்கு அணிகள் தடைப்பாதையில் நன்றாகவே நடந்தன. மூன்று மணிக்குக் களத்தின் செயற்கைப் புல்தரைக்குக் குறுக்கே ஒரு முழ அகலத்தில் வெயில் விழுந்தது. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. ஐந்தாவது ரோபோ அங்கே வந்து நின்றது. தலையை இடதுபுறம் திருப்பியது, வலதுபுறம் திருப்பியது, குனிந்து பார்த்தது. பிறகு உடம்பைத் திருப்பிக்கொண்டு, வெயில் விழுந்த ஓரத்தையே களத்தின் வெள்ளைக் கோடாக எடுத்துக்கொண்டு, அதை ஒட்டியே பிசகாமல் நடந்து களத்துக்கு வெளியே போனது. அந்த ரோபோவை உருவாக்கிய மாணவி கோட்டுக்குப் பின்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய நிரலில் பிழை எதுவும் இல்லை.

போட்டியை நிறுத்தினோம். கறுப்புத் தாளை ஜன்னல்களில் ஒட்டி முடிக்க 50 நிமிடம் ஆனது. வெளிச்சம் மாறிவிட்டதால் காலையில் நடந்த நான்கு அணிகளுக்கும் மறுவாய்ப்பு தர வேண்டியதாயிற்று. நன்றாக நடந்தவர்களுக்கு அதில் வருத்தம். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

விளக்குகளையும் ஒருமுறை கேமரா வழியாகப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ரோபோவின் படத்தில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். கேமராவின் ஒளிபடு நேரத்தை (எக்ஸ்போஷர்) வினாடியில் 100இல் ஒரு பங்காகவோ அதன் மடங்குகளாகவோ வைத்தால் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே எல்லா அணிகளுக்கும் எழுதி அனுப்பியிருந்தோம். அது ஒன்று உருப்படியாக அமைந்தது.

செயற்கைப் புல்லை இரண்டு சுருளாகக் கொண்டுவந்தார்கள். இணைப்பு சரியாகப் பாதைக்குக் குறுக்கே விழுந்தது. இதுபோன்ற போட்டிகளுக்கு வரும் சிறிய ரோபோக்கள் நடக்கும்போது பாதத்தை ஓரிரு சென்டிமீட்டர்தான் தூக்கும். இணைப்பின் ஓரம் அரை சென்டிமீட்டர் எழும்பினால் போதும், கட்டைவிரல் தட்டி முகம்குப்புற விழும். இரவோடு இரவாகச் சுருள்களைத் திருப்பி, இணைப்பு நடக்கும் திசையிலேயே, பாதைக்கு வெளியே வரும்படி விரித்தோம். ஒற்றைத் துண்டாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அட்டவணையில் ஓர் அணிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியது இன்னொரு தவறு. 2015இல் கலிஃபோர்னியாவின் போமோனாவில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ரோபோப் போட்டியின் இறுதிச் சுற்றில் எட்டுப் பணிகளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். வென்ற தென் கொரிய ஹூபோவுக்கே 44 நிமிடத்துக்கு மேல் ஆனது. மனிதர்கள் தொலைவிலிருந்து உதவியும் அங்கே ரோபோக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. எங்கள் ரோபோக்களுக்கு அந்த உதவியும் கிடையாது. விழுந்து எழுவது, சூடேறிய கணுக்கால் மோட்டார் ஆறுவது எல்லாம் சேர்த்தால் 12 நிமிடம் வேண்டும்.

எனக்கு இன்னும் ஆறாதது தன்னியக்க விதிதான். "இயங்கும்போது மனிதத் தலையீடு கூடாது" என்று ஒரே வரி எழுதியிருந்தோம். ஓர் அணி மடிக்கணினியைத் திறந்துவைத்து, ரோபோவின் கேமராப் படத்தை வைஃபை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரணி புகார் கொடுத்தது. பார்க்க மட்டுமே செய்தோம், கட்டளை எதுவும் அனுப்பவில்லை என்றார்கள். அந்தப் பையன் உண்மை சொன்னதாகவே நான் நம்புகிறேன். ஆனாலும் அதை நிரூபிக்க அவனுக்கும் வழியில்லை, மறுக்க எங்களுக்கும் வழியில்லை. மதிப்பெண்ணை அப்படியே விட்டோம். இரண்டு அணிகளும் அன்று முழுக்க ஒன்றுக்கொன்று முகம்கொடுத்துப் பேசவில்லை.

அன்றிரவே நடுவர்கள் உட்கார்ந்து விதியை மாற்றி எழுதினோம். ரோபோ களத்தில் இறங்கும் முன் மடிக்கணினிகள் மூடப்பட்டு நடுவர் மேசைக்கு வர வேண்டும். ரோபோவின் வைஃபை அணைந்திருக்க வேண்டும். தொடக்கம் முதுகிலுள்ள பொத்தானால் மட்டும். எல்லா ரோபோக்களையும் எங்களிடம் ஒப்படைத்த பிறகே, தடைத் தூண்கள் நிற்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம். பாதையை மனப்பாடம் செய்துவைத்த நிரல் அங்கே செல்லாது.

இரண்டாம் நாள் அந்தப் பையன் கேட்பதற்கு முன்பே மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ரோபோ முதல் தூணைச் சுற்றியது, இரண்டாவதில் உரசித் தடுமாறி நின்றுகொண்டது, மூன்றாவதைத் தாண்டியது. புகார் கொடுத்த அணியின் தலைவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கைதட்டினார். ஆனால் முதல் நாள் மதிப்பெண்ணை எதிர்த்து அவர் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. அதற்கு இந்த வாரம் நான் பதில் எழுத வேண்டும்.