மூன்றே முக்கால் மணி

கன்னத்தில் மீசை முடி உரசியதும் விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமலே தெரியும், மணி மூன்றே முக்கால்.

நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு முன்னங்காலால் என் உதட்டை ஒரு முறை தொட்டாள் மீனு. காத்திருந்தாள். மறுபடியும் தொட்டாள். பஞ்சு போன்ற பாதம், ஓரத்தில் மட்டும் சில்லென்று ஈரம். தண்ணீர்க் கிண்ணத்தில் கால் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

போன மாதம் வரை இந்த நேரத்தில் எழுந்துபோய்ச் சாப்பாடு வைத்துவிடுவேன். தட்டினால் சோறு வரும் என்று அவளுக்குப் பழக்கியது நான்தான்.

பூனை இரவெல்லாம் விழித்திருக்கும் பிராணி என்று நினைத்திருந்தேன். அந்தியிலும் விடியலை ஒட்டியும்தான் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம். இப்போது படுக்கும் முன் கால் மணி நேரம், கயிற்றில் கட்டிய இறகை இழுத்து அவளை ஓடவிடுகிறேன். ஓடிக் களைத்ததும் இரவுச் சாப்பாடு. வேட்டையாடி, தின்று, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்குவது அவள் இனத்தின் வழக்கம்.

நடுவில் எழுந்து சாப்பாடு வைப்பதை நிறுத்திய முதல் வாரம் முன்பைவிட அதிகமாகக் கத்தினாள். அசையாமல் படுத்திருப்பது பெரும்பாடாக இருந்தது. அதட்டவும் மனம் வரவில்லை.

(வயதான பூனை திடீரென்று இரவில் கத்தத் தொடங்கினால் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு, சிறுநீரகம், ரத்த அழுத்தம், எதிலும் கோளாறு இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.)

இன்று மூன்றாவது தொடுதல் வரவில்லை.

இரண்டு சுற்றுச் சுற்றி என் கழுத்தடியில் சுருண்டு படுத்தாள். ஆறு மணி வரை அந்தக் கதகதப்பு அங்கேயே இருந்தது.